முப்பத்தொன்றாம் படம்

என்னிடம் இருக்கும் பழைய புத்தகங்களில் ஒன்றுகூட முழுசு கிடையாது. ஒன்றுக்கு அட்டை இல்லை, ஒன்றுக்கு முதல் பத்துப் பக்கம் இல்லை, இன்னொன்றில் ராமபாணப் பூச்சி முன்னட்டையில் நுழைந்து பின்னட்டை வழியாக வெளியே போயிருக்கிறது. முழுசாக இருக்கும் பிரதிகள் பெரிய வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனக் கம்பெனியின் லேபில் இருபத்தாறு வருடமாகக் குடுவையை ஆட்டிக்கொண்டிருக்கும் எனக்குக் கிடைப்பதெல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியவைதான். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று வாங்கி வைத்தேன்.

நான் சேர்ப்பது ஒரே வகை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நம் ஊர் ஜனங்களைப் பற்றி அவனே எழுதி, படம் வரைந்து, கடல் தாண்டிக் கொண்டுபோய் அச்சடித்த புத்தகங்கள். யாருக்கு என்ன தொழில், என்ன உடுத்துவார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ஆளை நிறுத்திவைத்து வரைந்த கலர்ப் படங்கள் இருக்கும். படத்தின்மேல் மெல்லிய தாள் ஒன்று படுத்திருக்கும். கடைக்காரர்கள் அதை பட்டர் பேப்பர் என்பார்கள். அதை விலக்கினால் அடியில் ஒரு பாம்பாட்டி, அல்லது தண்ணீர் சுமப்பவன், அல்லது மனைவியோடு நிற்கும் நெசவாளி.

லேபில் என்னோடு வேலை செய்பவள் ஒருமுறை அதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல நம்மள கேவலமாத்தான எழுதிகீறான்? இத போய் டப்பு குடுத்து வாங்கினு வர்றியே" என்றாள். அவள் கேட்டது நியாயம். அந்தப் படங்களில் நிற்கும் ஒருத்தருக்கும் பெயர் கிடையாது. வண்ணான், கூலிக்காரி, பிச்சைக்காரன், அவ்வளவுதான். அதே புத்தகத்தில் ஒரு துரை குதிரையோடு நிற்கிறார். குதிரைக்குப் பெயர் போட்டிருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது வந்த எரிச்சல்தான் என்னை இதில் இழுத்துவிட்டது. எரிச்சல் எப்போதோ போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது யாராவது ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

சேர்ப்பதைவிடக் காப்பாற்றுவது பெரிய வேலை. எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து ஏரிக் காற்று கடல் உப்போடு வரும், தெற்கிலிருந்து கம்பெனிக் காற்று அதன் வாசனையோடு வரும். இரண்டும் காகிதத்துக்கு ஆகாது. வேப்பிலை, கிராம்பு, கற்பூரம் என்று துணியில் முடிந்து வைத்துப் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் கறி வாங்கப் போனால் நான் இரும்பு பீரோவைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாக விசிறிக்கொண்டிருப்பேன். நின்று நின்று கால் வீங்கியவளுக்கு அந்த ஒரு நாளாவது படுத்துக் கிடக்கத் தோன்றாதா? தோன்றும். ஆனாலும் விசிறுவேன்.

அந்த பீரோவில் ஒரு புத்தகம்தான் எனக்கு உயிர். நாற்பது படங்கள் கொண்டது. சென்னை சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் தலைப்புப் பக்கம் இல்லாமல் கிடைத்தது. அதில் பதினாறு படம்தான் இருந்தது. மிச்சத்தை யாரோ பிளேடு வைத்து அறுத்திருந்தார்கள். "நாட்டியக்காரி, பாம்பாட்டி படம்லாம் புக்குல நிக்காதும்மா. கட் பண்ணி ஃபிரேம் போட்டா ஓட்டல்காரன் வாங்கிக்கினு பூடுவான்" என்றார் கடைக்காரர். நல்ல புத்தகம் கிடைத்தாலே பிரித்து விற்பவர்கள் அவர்கள். நான் அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்தேன். அதே புத்தகத்தின் உடைந்த பிரதிகள் இன்னும் இரண்டு வாங்கினேன். மூன்றையும் கலைத்து, உள்ளதை எடுத்து, இல்லாததில் சேர்த்து, ஒன்று ஆக்கிக்கொண்டு வந்தேன். உதிரியாக விற்கும் படங்களையும் விடவில்லை. பதினொரு வருடத்தில் முப்பத்தொன்பது படங்கள் சேர்ந்தன.

வராதது முப்பத்தொன்றாம் படம். பொருளடக்கத்தில் அதற்கு எதிரே இப்படி இருந்தது: சென்னைக்கு வடக்கே உள்ள பண்ணையாட்கள், கணவனும் மனைவியும். சென்னைக்கு வடக்கே என்றால் எங்கள் பக்கம். பண்ணையாட்கள் என்றால் நாங்கள். எங்கள் நைனாவும் அவருக்கு முந்தியவர்களும் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள், அம்மா அதே நிலத்தில் நாற்று நட்டவள். தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனதும் நான் கம்பெனிக்குப் போனதும் நேற்றைய கதை. எல்லாச் சாதிக்காரரும் அந்தப் புத்தகத்தில் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள், எங்கள் இடம் மட்டும் அறுத்த தழும்போடு காலியாக இருக்கிறது. சும்மா விட முடியுமா?

போன கார்த்திகை மாதம் அதே கடைக்காரர் போன் செய்தார். காலமான ஒரு பெரியவரின் வீட்டைக் காலி செய்தபோது ஒரு கட்டுத் தாள் வந்ததாம், அதற்குள் ஒரு படம் இருக்கிறதாம். "நீ கேக்கிற நம்பரு அதான்னு நெனைக்கிறேன். வந்து பாரு" என்றார். அரை நாள் விடுப்புப் போட்டு ரயிலேறினேன். அதேதான். வயல் வரப்பில் ஒரு பெண், கையில் நடவுக்குக் கட்டிய நாற்று முடி, பக்கத்தில் தோளில் கலப்பையோடு ஒரு ஆண். பின்னால் பனைமரம். ஓரம் கிழியவில்லை, பட்டர் பேப்பர்கூட அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது நெரிசலில் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஆரம்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன். பைண்டரிடம் கொடுத்து அதன் இடத்தில் வைத்துத் தைத்துவிட்டால் என் வாழ்க்கையில் முழுசாக ஒரு பொருள் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நூத்தம்பது வருசம் முந்தி வரைஞ்சதும்மா. நம்ம பக்கத்து ஆளுங்க. ஏர் ஓட்டறவன், நாத்து நடறவ. நம்ம ஆளுங்கதான்" என்றேன். அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள். "இவ பேரு இன்னா?" என்று கேட்டாள். போடவில்லை என்றேன். சரி என்று கொடுத்துவிட்டாள். நான் அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். அம்மா மனதில் என்ன ஓடியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தம்பி மகளுக்கு தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார்கள். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த அந்தக் குடும்பத்துப் பெண்தான் பூவாடைக்காரி. எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி நைனாவின் வம்சத்தில் எப்போதோ வாழ வந்த ஒரு மருமகள். நடவு வயலில் பாம்பு தீண்டிச் செத்தாள் என்று மட்டும் தெரியும். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. போட்டோ இருக்க வழியே இல்லை. எங்கள் வீட்டில் எடுத்த முதல் போட்டோ நைனாவின் ஓட்டு அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைப் பெரிசாக்கித்தான் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதனால் பூவாடைக்காரிக்கு ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சள் தடவி, புதுப் புடவையைச் சுற்றி, பூ வைத்துக் கும்பிடுவோம். செம்புக்கு முன்னால்தான் கொழுக்கட்டையும் அதிரசமும் வைப்போம்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். நைனா போட்டோவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஃபிரேம் தொங்கியது. மல்லிகைச் சரம் சார்த்தியிருந்தது. ஓரமெல்லாம் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். உள்ளே இருந்தவள் என்னுடைய முப்பத்தொன்றாம் படம். நெற்றியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு வேறு.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெறும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால்கூடப் பிரித்து எடுத்திருக்கலாம். ஸ்டுடியோக்காரன் படத்தையே கெட்டிப் பலகைமேல் பசை தடவி ஒட்டி, சூட்டோடு லேமினேஷன் போட்டிருந்தான். ஃபிரேம் அளவுக்குச் சரியாக வர நாலு பக்கமும் வெட்டியிருந்தான். அடியில் இருந்த எழுத்து போய்விட்டது. எண் போய்விட்டது. கலப்பை பிடித்த ஆண் போய்விட்டான். அவன் முழங்கை மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உடைந்த சத்தம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். யாரைக் கேட்டு பீரோவைத் திறந்தீர்கள் என்றேன். கல்யாணப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பிதான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனவன். துறைமுகத்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மாதான் சொன்னாங்கக்கா, நம்ம பூவாடைக்காரியா மாட்டணும்னு. பூச்சி அரிக்குது, தண்ணி பட்டா பூடும், லேமினேஷன் பண்ணிட்டா சாவற வரைக்கும் இருக்கும்னு ஸ்டுடியோக்காரன் சொன்னான். நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன்."

"கலர் ஜெராக்ஸ் எடுத்து மாட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஜெராக்ஸுக்கு யாராச்சும் படைப்பாங்களாக்கா?"

பதினொரு வருடமாக முப்பத்தொன்றாம் படத்தின் நகல் கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நகல் எனக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வீட்டுமனைப் பத்திரம், மகளின் ஜாதகம் என்று மதிப்புள்ளது எதுவானாலும் லேமினேஷன் போட்டு வைப்பவன் என் தம்பி. என் படத்தையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறான். அவன் அதை மதித்த விதம் அது. நியாயம் புரிந்தது, ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

அதற்கப்புறம் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. நாஷ்டாவை டப்பாவில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போவேன், வருவேன், படுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பீரோவைத் திறக்கவில்லை. திறந்து என்ன செய்வது? கம்பெனியில் ஒரு கரைசலில் எதை விட்டால் எந்த நிறம் வரும் என்று யோசிக்காமலே கை வேலை செய்துகொண்டிருந்தது. உடம்பில் இருந்த அலுப்பு மனசுக்கும் ஏறிவிட்டது.

பழைய புத்தகம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. படம் போன துக்கத்தை அதில் எழுதி, லேமினேஷனைப் பிரிக்க வழி உண்டா என்று கேட்டு, முன்பு செல்போனில் எடுத்து வைத்திருந்த அதன் போட்டோவையும் போட்டேன். பிரிக்க வழியில்லை என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் வேறு ஒரு புத்தகத்தின் பக்கத்தை அனுப்பினார். அதே பெண், அதே நாற்று முடி, அதே கலப்பைக்காரன். கீழே இருந்த எழுத்து மட்டும் வேறு: வங்காளத்து உழவனும் மனைவியும். சற்று நேரத்தில் மூன்றாமவர் ஒரு பக்கம் போட்டார். அதில் அவர்கள் இலங்கையில் இருந்தார்கள். பனைமரம் இருந்த இடத்தில் மலை இருந்தது. அந்தக் காலத்தில் ஒரே படத்தை நாலு புத்தகத்துக்கு மாற்றி மாற்றிப் போடுவார்கள், வரைந்தவன் இந்தியாவுக்கு வந்தானா என்பதே சந்தேகம் என்று விளக்கமும் கொடுத்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. எந்த ஊர்க்காரியும் இல்லை. பதினொரு வருடம் நான் தேடி அலைந்த எங்கள் ஆட்கள், யாரோ ஒருவன் மேஜையில் உட்கார்ந்து கற்பனையாகப் போட்ட கோடு. முதலில் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு குரூரமான திருப்தி வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். நீ பொட்டு வைத்துக் கும்பிடுகிறவள் யாரும் இல்லை என்று சொல்லி, அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டும். என் படத்தைக் கெடுத்ததற்கு அதுதான் சரியான கூலி என்று நினைத்தேன்.

படையலுக்கு முந்தின நாள் விடுப்பு எடுத்தேன். மத்தியானம் தம்பி மனைவி பூ வாங்கப் போயிருந்தாள். அம்மா கூடத்தில் ஃபிரேமைக் கீழே இறக்கி, சுவரில் சாய்த்து வைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் நனைத்துக் காயவைத்த புதுப் புடவை மடித்து இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். மூன்று புத்தகத்துப் படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது வங்காளமாம், இது இலங்கையாம், வரைந்தவன் நம் பக்கம் வந்ததே இல்லையாம் என்று நிதானமாகச் சொன்னேன். "இவ நம்ம ஆளே இல்லம்மா. நாளைக்கு நீ யாருக்குப் படைக்கப் போறே?"

அம்மா முகம் சுண்டவில்லை. துணியை வாளியில் போட்டுப் பிழிந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ காட்டனியே, அன்னிக்கே தெரியும். நாத்து முடிய புடிச்சிக்கினு கீறா பாரு, கொழந்தைய தூக்கற மாதிரி வலது கையில. வலது கைய அடைச்சிக்கினா எந்தக் கையால நடுவா? முடி எடது கையில இருக்கணும். கால்ல கொலுசு போட்டிருக்கா. சேத்துல எறங்கறவ கொலுசு போட்டுக்கினு எறங்குவாளா? பொடவைய தூக்கிச் சொருவவே இல்ல. இவ ஒரு நாளும் வயல்ல எறங்கினவ இல்ல."

நான் செல்போனைப் பார்த்தேன். வலது கைதான். கொலுசுதான். பதினொரு வருடமாக அந்தப் புத்தகத்தின் காகிதம் என்ன, மை என்ன, ஓரம் எத்தனை அங்குலம் என்று தெரிந்துவைத்திருந்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்தக் கையை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா இப்படிப் பண்ணே? என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அம்மா துணியால் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை துடைத்தாள். ஸ்டிக்கர் பொட்டின் ஓரம் தூக்கியிருந்ததை விரலால் அழுத்தினாள்.

"கையி, காலு எல்லாம் பொய்யி. மூஞ்சி மட்டும் பொய்யில்ல. பாரு, எவ்ளோ அசந்துபோய் நிக்கிறா. யாரையோ ஒருத்திய பாத்துத்தான் போட்டிருக்கான். எந்த ஊருக்காரியோ. அவளுக்குன்னு அந்த ஊருல யாராச்சும் ஒரு எலை போட்டுப் படைச்சிருப்பாங்களா இன்னா?"

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். உண்மைதான். நாள் முழுக்க நின்றவளின் முகம். ரயிலில் கம்பெனி விட்டு வரும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்களே, அந்த முகம். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக வந்ததா, போன படத்துக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோபமும் அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய்.

அம்மா எழுந்திருக்கக் கை நீட்டினாள். பிடித்துத் தூக்கிவிட்டேன். இருவருமாக ஃபிரேமைத் தூக்கிச் சுவரில் மாட்டினோம். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"உன் புஸ்தகத்துல அந்த எடம் இனிமே காலியாவே கெடக்குமா?" என்று கேட்டாள்.

"கெடக்கும்."

"கெடக்கட்டும். நான் இந்த ஊட்டுக்கு வாழ வந்து அறுவது வருசமாச்சு. எத்தினி பொம்பளைங்க செத்தாங்க தெரியுமா, ஒருத்தி மூஞ்சி இந்தச் செவுத்துல இருந்திச்சா?"